மெக்லோஸ்கியின் கடலும் மோரிப் சேறும்

'கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது' என்று வருணனைக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பத்துத் தாளில் எட்டுத் தாள் ஒரே மாதிரிதான் தொடங்கும். கதிரவன் பொற்கதிர்களைச் சுருட்டிக்கொண்டு மேற்கே போவான். நீலக்கடல் அலைக்கரம் நீட்டி அழைக்கும். வெண்மணல் பஞ்சு மெத்தையாக விரிந்து கிடக்கும். தென்றல் தாலாட்டும். எழுத்துப் பிழை இருக்காது, இலக்கணப் பிழையும் குறைவுதான். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் குடும்பத்தோடு போய் வருகிற கடற்கரை மோரிப். மோரிப்பில் வெண்மணல் ஏதுங்க? தண்ணீர் வற்றினால் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் சாம்பல் நிறச் சேறுதான். படிவம் நான்கு மாணவன் ஒருவனிடம் இதைக் கேட்டேன். "சேறுன்னு எழுதுனா அழகா இருக்காதே டீச்சர்" என்றான்.

அவன் சொன்னது எனக்கு ராபர்ட் மெக்லோஸ்கியை நினைவுபடுத்தியது. அமெரிக்கக் கடலோரத்தில் வாழ்ந்த ஓவியர். சிறுவர்களுக்குப் படக்கதைப் புத்தகங்கள் எழுதி, படமும் தானே வரைந்தவர். சேறு அழகாக இருக்காது என்று அவரும் ஒரு காலத்தில் நினைத்தவர்தான். அந்த எண்ணம் மாற அவருக்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில்தான் அவருடைய நல்ல புத்தகங்கள் பிறந்தன. அவருடைய கலைவாழ்வை இந்தக் கோணத்திலிருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அவர் பெற்ற விருதுகளை வரிசைப்படுத்தினால் ஒரு பத்தியில் முடிந்துவிடும். அதில் நமக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

மெக்லோஸ்கி 1914இல் ஓஹாயோ மாநிலத்தின் ஹாமில்டன் நகரில் பிறந்தார். கடலே இல்லாத மாநிலம். சின்ன வயதில் பியானோ, மவுத் ஆர்கன் என்று இசைப் பைத்தியம். பிறகு பழைய மோட்டார், கம்பி, கடிகாரம் என்று எதையாவது பிரித்துப் போடும் பைத்தியம். பிறகுதான் ஓவியம். உதவிச் சம்பளம் கிடைத்து போஸ்டனில் ஓவியப் பள்ளிக்குப் போனார். அடுத்து நியூயார்க்கில் தேசிய வடிவமைப்புக் கலைக்கழகம். கோடை விடுமுறைகளில் மாசசூசெட்ஸ் கடலோரத்தின் புரோவின்ஸ்டவுனுக்குப் போய் வரைந்தார். ஓவியர்கள் கூடுகிற பேர்பெற்ற ஊர் அது. அங்கே வரைந்தவற்றில் நீர்வண்ணப் படங்கள் சில, சொற்ப விலைக்குப் போயின. எண்ணெய் ஓவியங்களை யாரும் வாங்கவில்லை.

வயிற்றுப்பாட்டுக்காக வைக்கிங் பதிப்பகத்தில் சிறுவர் நூல் பிரிவைக் கவனித்துவந்த மே மாஸி அம்மையாரைப் போய்ப் பார்த்தார். கையில் இருந்த படங்கள் என்ன தெரியுமா? பறக்கும் நாகங்கள், சிறகு முளைத்த குதிரை, கனவுலகக் குளம். நம்ம பிள்ளைகளின் பொற்கதிர், அலைக்கரம் எல்லாம் இந்த வகையறாதான். அம்மையார் அவரை விரட்டவில்லை. இந்தச் சரக்கையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எதை, எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டு வா என்கிற பொருளில் அறிவுரை சொல்லி அனுப்பினார். 'வரையக் கற்றுக்கொள்' என்பது வேறு, 'பார்க்கக் கற்றுக்கொள்' என்பது வேறு. நாம் தாள் திருத்தும்போது எழுதும் குறிப்புகளில் பெரும்பாலானவை முதல் வகைதான்: 'மொழிநயம் கூட்டுக', 'உவமை சேர்க்க'. 'இதை நீ பார்த்தாயா?' என்று தாளின் ஓரத்தில் எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் எழுதியதில்லை.

இளைஞர் ஊருக்குத் திரும்பினார். ஓஹாயோவில் தன்னைச் சுற்றியிருந்த தெருவையும் வீட்டையும் மனிதர்களையும் வரையத் தொடங்கினார். 1940இல் 'லென்டில்' வெளிவந்தது. பாட வராத ஒரு பையன் மவுத் ஆர்கன் வாசிக்கும் கதை. அவருக்குத் தெரிந்த ஊர், தெரிந்த வாத்தியம். நல்ல தொடக்கம், அவ்வளவுதான். அதைத் தாண்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டு வந்த 'மேக் வே ஃபார் டக்லிங்ஸ்' (வாத்துக் குஞ்சுகளுக்கு வழிவிடுங்கள்) அவரை உலகறியச் செய்தது. போஸ்டன் பூங்காவுக்குத் தன் எட்டுக் குஞ்சுகளை நடத்திக்கொண்டு வரும் தாய்வாத்து, போக்குவரத்தை நிறுத்தி வழிவிடும் போலீஸ்காரர். 1942இல் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுக்கு ஒரு படக்கதைப் புத்தகத்துக்குக் கொடுப்பது அது. பிறகு அந்தப் பூங்காவிலேயே வாத்துகளுக்கு வெண்கலச் சிலையும் வைத்துவிட்டார்கள் (1987). நம் நூலகங்களிலும் இந்தப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள்.

புத்தகத்தைவிட அது உருவான விதம் நமக்கு முக்கியம். வாத்தை வரையப் போனவருக்குத் தனக்கு வாத்து தெரியாது என்பது உறைத்தது. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாடம் செய்து வைத்த வாத்துகளைப் பார்த்தார். பறவை அறிஞர் ஒருவரிடம் சந்தேகம் கேட்டார். அதுவும் போதவில்லை. சந்தையில் உயிருள்ள வாத்துகளை வாங்கிவந்து, நண்பரும் ஓவியருமான மார்க் சிமோன்ட்டோடு பகிர்ந்துகொண்டிருந்த வாடகை வீட்டுக்குள் விட்டுவிட்டார். குளியல் தொட்டியில் நீந்தவிட்டு வரைந்தார். கையில் ஓவியப் புத்தகத்தோடும் துடைக்கிற தாளோடும் தரையில் தவழ்ந்து பின்னாலேயே போனார். அவை ஓடிக்கொண்டே இருந்ததால் கொஞ்சம் சிவப்பு ஒயின் ஊற்றிக் கொடுத்து வேகத்தைக் குறைத்தார் என்பதும் அவரே சொன்ன செய்திதான். (வகுப்பில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.)

அந்தப் படங்களில் வாத்து பின்னாலிருந்தும் தெரியும், மேலிருந்தும் தெரியும், கழுத்தைத் திருப்பும் நொடியிலும் தெரியும். முழுப் புத்தகமும் ஒரே பழுப்பு நிறம். பழுப்பு மட்டும் போதுமாக இருந்தது, ஏனென்றால் கோடு அவ்வளவு தெரிந்த கோடு. கதையைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. குஞ்சு பொரித்த கையோடு அப்பா வாத்து ஆற்றைச் சுற்றிப் பார்க்க ஒரு வாரம் கிளம்பிவிடுகிறார்; எட்டையும் நீந்தவும் நடக்கவும் பழக்குவது அம்மா. கதையும் இதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் தாண்டிப் போகிறது. இந்தக் காலத்து மாணவிகள் நிச்சயம் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.

இந்த இடைவெளியில் அவருக்குத் திருமணம் ஆகியிருந்தது. மனைவி பெக்கி ஒரு சிறுவர் நூலகர். சிறுவர் இலக்கிய எழுத்தாளர் ரூத் சாயரின் மகள். போர்க்காலத்தில் மெக்லோஸ்கி இராணுவத்தில் பயிற்சிப் படங்கள் வரைந்தார். போர் முடிந்த பிறகு குடும்பம் மெய்ன் மாநிலத்துப் பெனாப்ஸ்காட் விரிகுடாவில் ஒரு சின்னத் தீவைத் தனக்கு வீடாக்கிக்கொண்டது. மூத்த மகள் சாலி, இளையவள் ஜேன். விற்காத கடலோரப் படங்களோடு புரோவின்ஸ்டவுனை விட்டவர், பத்து ஆண்டு கழித்து வேறொரு கடலோரத்துக்கு வருகிறார். ஆனால் வந்தவுடனே கடலை வரைந்துவிடவில்லை. முதலில் குன்றின் மேல் பழம் பறிக்கப் போனார்.

1948இல் வந்த 'புளூபெரீஸ் ஃபார் சால்' (சாலுக்குப் புளூபெரிகள்) மிகவும் எளிய கதை. அம்மாவும் குட்டிப் பெண் சாலும் குளிர்காலத்துக்காகப் பழம் பறிக்கப் போகிறார்கள். குன்றின் மறுபக்கத்தில் ஒரு தாய்க்கரடியும் குட்டியும் பழம் தின்ன வருகின்றன. நடுவில் பிள்ளைகள் இடம் மாறிப்போகிறார்கள். படங்கள் எல்லாம் ஒரே கருநீலம், அந்தப் பழத்தின் நிறம். இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஓசை. வெறும் தகர வாளியில் சால் பழத்தைப் போடும்போது மெக்லோஸ்கி ஓர் ஒலிச்சொல்லைப் புதிதாகச் செய்கிறார். மூன்று பழத்துக்கும் மூன்று உயிரெழுத்து மாறுகிறது. கொஞ்ச நேரம் கழித்து சால் அம்மாவின் வாளியில் ஒரு பழத்தைப் போடுகிறாள். அந்த ஓசை வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் கதையே சொல்கிறது: அந்த வாளியின் அடியில் ஏற்கெனவே பழம் நிறைந்திருந்தது, பழம் பழத்தின் மேல் விழுந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் இரட்டைக்கிளவிப் பட்டியல் ஞாபகம் வந்தது. சலசல, கலகல, தடதட என்று ஆண்டு ஒன்றிலிருந்து ஏறுவரிசையில் மனனம் செய்ய வைக்கிறோம். பொருள் எழுதச் சொல்கிறோம், வாக்கியம் அமைக்கச் சொல்கிறோம். நீர் என்றால் சலசல. சரிதான், ஆனால் எந்த நீர்? குழாயிலிருந்து காலி வாளியில் விழும் நீரும் நிரம்பின வாளியில் விழும் நீரும் ஒரே மாதிரியா சத்தம் போடுகின்றன? தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலத்தில் எழுதியவர் இல்லாத சொல்லைச் செய்ய வேண்டியிருந்தது. நமக்கு இருப்பதைக் காதால் சோதித்து எடுத்தாலே போதும். பட்டியலைக் கொடுக்கும் நாளில் ஒரு தகர டப்பாவையும் கைப்பிடி பச்சைப்பயற்றையும் வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 1952இல், 'ஒன் மார்னிங் இன் மெய்ன்' (மெய்னில் ஒரு காலைப்பொழுது). என் மாணவனுக்கு நான் காட்டிய புத்தகம் இதுதான், ஏனென்றால் இதன் நடுவில் சேறு இருக்கிறது. சாலுக்குப் பல் ஆடுகிறது. வழியில் தென்படும் பறவையிடமும் கடல்நாயிடமும் அந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டே கரைக்கு ஓடுகிறாள். அப்பா வற்றின கடலில், சேற்றில் குனிந்து மட்டி தோண்டிக்கொண்டிருக்கிறார். அவளும் தோண்டுகிறாள். ஆடின பல்லைக் காணோம்! சேற்றில் விழுந்துவிட்டது. தேடித் தேடிப் பார்க்கிறார்கள், கிடைக்கவில்லை. பல்லிடம் ஆசை ஒன்றைச் சொல்லி வேண்டிக்கொள்ளக் காத்திருந்த பிள்ளைக்கு எவ்வளவு பெரிய இழப்பு!

பல் விழுவது எல்லாப் பிள்ளைக்கும் நடப்பது. அது தலையணையடியில் பத்திரமாகக் கிடக்காமல் சேற்றில் தொலைகிறது என்பதில்தான் இந்தக் கதை நிற்கிறது. வெண்மணலில் விழுந்திருந்தால் கண்டெடுத்திருப்பார்கள், கதை அங்கேயே முடிந்திருக்கும். சேறு இங்கே அழகாக இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. சேறுதான் கதையை நடத்துகிறது. பிறகு அப்பாவின் படகு மோட்டார் கிளம்ப மறுக்கிறது. துறைக்குத் துடுப்புப் போட்டுப் போகிறார்கள். அங்கே பழுது பார்ப்பவர் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார். காலையில் ஒரு பல், மதியத்துக்குள் ஒரு பிளக். இந்த ஒப்புமையை மெக்லோஸ்கி எங்கும் மேடை போட்டுச் சொல்லவில்லை. சின்ன வயதில் மோட்டார் பிரித்தவருக்கு அது இயல்பாகவே வந்திருக்கும்.

1957இல்தான் கடல் வந்தது. 'டைம் ஆஃப் ஒன்டர்' (வியப்பின் காலம்) அவர் முழு வண்ணத்தில் செய்த முதல் சொந்தப் புத்தகம், நீர்வண்ணத்தில். மறு ஆண்டு இரண்டாவது கால்டிகாட் பதக்கம். இரண்டு முறை அதைப் பெற்ற முதல் ஆள் அவர். இதில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு குடும்பம் கோடையைத் தீவில் கழிக்கிறது, சூறாவளி ஒன்று வந்து போகிறது, விடுமுறை முடிந்து குடும்பம் கிளம்புகிறது. பிள்ளைகளுக்குப் பெயர்கூடக் கிடையாது. முழுவதும் முன்னிலையில் எழுதப்பட்டது: நீ பார்க்கிறாய், நீ கேட்கிறாய், நீ பாறையில் நிற்கிறாய். தமிழில் பெயர்த்தால் 'நீ' போடுவதா 'நீங்கள்' போடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். 'நீ'தான் சரி. 'நீங்கள்' என்றால் சுற்றுலாத் துறைக் கையேடு மாதிரி ஆகிவிடும்.

முதல் பக்கங்களில் மழை வருகிறது. எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். முதலில் தூரத்து மலைகளின் மேல் மேகம். பிறகு விரிகுடாவின் அந்தப் பக்கத்துத் தீவுகள் இருளுகின்றன. பிறகு தண்ணீரின் மேல் மழை நடந்து வருவது தெரிகிறது, கேட்கிறது. அப்புறம் உன் அருகே பாறையில் சில துளி. கடைசியாக உன் மேல். தொலைவிலிருந்து அருகே, கண்ணிலிருந்து காதுக்கு, காதிலிருந்து தோலுக்கு. ஓர் அடைமொழியும் தேவைப்படவில்லை; வரிசையே வருணனை ஆகிவிடுகிறது. தேர்வு எழுதப்போகிற மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த வரிசையைத்தான். 'மழை சோவெனப் பெய்தது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறீர்கள். மழை எந்தப் பக்கமிருந்து வந்தது, முதலில் எதை நனைத்தது, எப்போது நீங்கள் ஓடினீர்கள் என்று மூன்றே வாக்கியம் எழுதிப் பாருங்கள், பத்தி தானாக நிறையும்.

இன்னொரு பக்கத்தில் மூடுபனி. ஒன்றும் தெரியாத காலை. பார்வையை நம்பி வாழ்ந்த ஓவியர் இங்கே பார்வையைப் பறித்துவிடுகிறார். படம் கிட்டத்தட்ட வெள்ளைத் தாள்தான், மங்கலாய்ச் சில மரங்கள். அந்த நிசப்தத்தில் பெரணிச் செடிகள் சருகை ஒதுக்கி, சுருண்ட நுனியை விரித்து வளரும் ஓசை கேட்பதாக எழுதுகிறார். நம் சந்தையில் பூச்சோக் பாக்கு என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதே இனம்தான், அதே சுருண்ட நுனி. செடி வளரும் சத்தம் காதில் விழுமா? விழாதுதான். ஆனால் சருகு நகரும் என்பது உண்மை. பார்த்த ஒன்றிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்துக் கற்பனைக்குள் போகிறார். சிறகு முளைத்த குதிரையிலிருந்து இந்தப் பெரணி எவ்வளவு தூரம்! கற்பனையை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கற்பனைக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

சூறாவளிப் பகுதியில் அவர் அவசரப்படுவதில்லை. புயலுக்கு முந்திய நாட்களை மெதுவாகச் சொல்கிறார்: துறையில் எல்லாரும் வானிலையைப் பற்றியே பேசுகிறார்கள், மளிகையும் பெட்ரோலும் வாங்கி வைக்கிறார்கள், படகுகளை இறுகக் கட்டுகிறார்கள். பிறகு ஒரு பொய்யான அமைதி. வீட்டுக்குள் குடும்பம் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பார்ச்சீசி விளையாடத் தொடங்குகிறது. அந்தப் பெயர் எங்கிருந்து போனது தெரியுமா? வட இந்தியாவின் பச்சீசிதான், நம் தாயத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன். காற்று கதவை அடித்துத் திறந்ததும் பலகையும் காய்களும் பறக்கின்றன. புயலின் வலிமையைச் சொல்ல ஓங்கி நின்ற மரத்தைப் பிறகுதான் சாய்க்கிறார். முதலில் சாய்வது ஆட்டக் காய்கள். பிள்ளைக்கு எது பெரிதோ அதுதான் முதலில் போகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பிடிக்காத இடங்களும் உண்டு. 'டைம் ஆஃப் ஒன்டர்' படங்களில் தண்ணீரும் பாறையும் மூடுபனியும் உயிரோடு இருக்கின்றன. மனிதர்கள் அப்படி இல்லை. அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் கடைக் கண்ணாடியில் நிற்கும் பொம்மைகள் போல விறைத்து நிற்கிறார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்பது ஆண்டு முன்பு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து பழம் தின்ற சாலின் முகம் எங்கே போயிற்று? கோட்டில் வரைந்தவரை முகங்களைப் பார்த்தவர், நீர்வண்ணத்துக்கு மாறியதும் பின்னணியை மட்டும் பார்த்தாரோ என்று தோன்றுகிறது. 'நீ' என்று எழுதிவிட்டதால் முகம் யாருடையதாகவும் இருக்கலாம் என விட்டுவிட்டார் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. புயலில் வேரோடு சாய்ந்த மரத்தின் அடியில் பிள்ளைகள் ஒரு பழைய சிப்பிக் குவியலைக் காண்கிறார்கள். வெள்ளையர் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் உண்டு எறிந்தது. தாங்கள் நிற்கும் இடத்தில் முன்பு வேறு பிள்ளைகள் நின்றிருப்பார்கள் என்று கதை ஒரு கணம் நின்று நினைக்கிறது. நல்ல கணம்தான். ஆனால் அந்த மக்கள் அதோடு கடந்த காலமாகிவிடுகிறார்கள். அந்த விரிகுடாவின் பெயரே பெனாப்ஸ்காட் மக்களின் பெயர். அவர்கள் இன்றும் அதே மெய்ன் மாநிலத்தில், அதே பெயருள்ள ஆற்றின் தீவில் வாழ்கிறார்கள். மெக்லோஸ்கி எழுதிக்கொண்டிருந்தபோதும் வாழ்ந்தார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பு என்ற முறைக்கு இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது. நம் தீவிலிருந்து தெரியாதவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். வகுப்பில் இந்தப் புத்தகத்தை எடுத்தால் சிப்பிக் குவியலில் நின்று பேசுங்கள். ஓராங் அஸ்லி பற்றி நம் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளிலும் இதே தொனி எட்டிப்பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கடைசிப் புத்தகம் 1963இல். 'பர்ட் டாவ், டீப்-வாட்டர் மேன்'. ஒழுகும் பழைய படகோடு கடலுக்குப் போகும் ஒரு கிழவர். அவர் ஊரில் பெயின்ட் வேலையும் செய்பவர். மிச்சமான பெயின்டையெல்லாம் தன் படகின் பலகைகளுக்கு அடித்துவிடுவதால் படகு பலவண்ணம். தூண்டில் ஒரு திமிங்கிலத்தின் வாலில் மாட்டிக்கொள்கிறது. எடுத்துவிட்டு, காயத்துக்குக் கோடு போட்ட பிளாஸ்டர் ஒட்டுகிறார். புயல் வருகிறது, ஒதுங்க இடம் கேட்டுத் திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் போகிறார். வெளியே வர வேண்டுமே! கையில் இருந்த பெயின்டை வயிற்றின் சுவரெங்கும் வீசி அடிக்கிறார். திமிங்கிலம் குமட்டி ஏப்பம் விட, கிழவர் வெளியே வந்து விழுகிறார்.

பெயின்ட் வீசும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் ஜாக்சன் பொல்லாக் பாணி ஓவியம் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கால அமெரிக்காவில் அதுதான் உயர்ந்த கலை. மெக்லோஸ்கி போல மரத்தை மரமாக வரைந்தவர்கள் 'படக்கதை ஆள்' என்று ஓரமாக நின்றார்கள். ஆகவே இது நக்கல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்: நவீன ஓவியம் திமிங்கிலத்துக்கே குமட்டுகிறது. முதல் தடவை நானும் அப்படித்தான் படித்தேன். திரும்பப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் கிழவருக்கு இருக்கும் குஷி, மெக்லோஸ்கியின் வேறெந்தப் புத்தகத்திலும் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து வரைந்தவர், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் தன் பாத்திரத்தைக் கொண்டுபோய் விட்டு, பெயின்டை இறைக்க வைக்கிறார். நக்கல் இருக்கிறது. கூடவே ஓர் ஏக்கமும் இருக்கிறது. நயம் எழுதும் மாணவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. படத்தைச் சான்றாகக் காட்டினால் இரண்டையும் எழுதலாம்.

அதற்குப் பிறகு அவர் சொந்தமாக எழுதிய புத்தகம் எதுவும் வரவில்லை. எழுதி வரைந்தவை மொத்தம் எட்டே எட்டு. 1963க்குப் பின் நாற்பது ஆண்டு இருந்தார். பொம்மலாட்டப் பொம்மைகள் செய்வதில் ஈடுபட்டார். 2003இல் மெய்னில் காலமானார்.

எட்டில் எதை வகுப்புக்கு எடுத்துப் போவது என்று கேட்டால், வாத்துகளை விட்டுவிடுங்கள் என்பேன். அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். தொடக்கப்பள்ளிக்கு சாலின் தகர வாளி. இடைநிலைப் பள்ளிக்கு 'டைம் ஆஃப் ஒன்டர்' மழைப் பக்கங்கள். ஆங்கிலப் புத்தகமாயிற்றே என்று தயங்க வேண்டாம், படங்களைக் காட்டி வரிசையைத் தமிழில் சொல்லுங்கள். "தேர்வுக்கு உதவுமா, டீச்சர்?" என்ற கேள்வி வரும். அலங்காரத் தொடர் இரண்டு மூன்று இருந்துவிட்டுப் போகட்டும், தேர்வு என்பதும் நாம் வாழும் உலகம்தான். ஆனால் பொற்கதிர்களுக்கு நடுவே சொந்தக் கண் ஒன்று தெரிகிற தாளை, நூறு தாளுக்கு நடுவில் திருத்துபவருக்கு அடையாளம் தெரியாமல் போகாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சேறு அழகில்லை என்ற அந்த மாணவன் கட்டுரையைத் திரும்ப எழுதித் தந்தான். மோரிப்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. தங்கையின் சிலிப்பர் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. இழுக்கும்போது 'சளக்' என்று ஒரு சத்தம். கால் வந்துவிட்டது, சிலிப்பர் வரவில்லை. அப்பா கையை முழங்கை வரை விட்டுத் துழாவுகிறார். அதற்குள் அலை திரும்பி வரத் தொடங்குகிறது. தொடக்கத்தில் கதிரவன் பொற்கதிர்களோடு நிற்கத்தான் செய்தான். அதை நான் தொடவில்லை. அரையாண்டுத் தேர்விலும் அவன் இதையே எழுதினான். தாள் மாற்றித் திருத்தியதில் அது வேறோர் ஆசிரியர் கைக்குப் போனது. திரும்பி வந்தபோது 'சளக்' என்ற சொல்லின் அடியில் சிவப்புக் கோடு, ஓரத்தில் 'பேச்சு வழக்கு'. இரண்டு புள்ளி போயிருந்தது. ஆசிரியர் அறையில் இதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.